ஒரே செஃப் படம், திங்களன்று ஏஎன்பி 4, வெள்ளியன்று 6

செஃப் படம் என்பது பல் சீரமைப்புக்காகத் தலையைப் பக்கவாட்டில் எடுக்கும் எக்ஸ்ரே. ஏஎன்பி என்பது மேல்தாடையும் கீழ்த்தாடையும் முன்பின்னாக எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அதில் அளக்கும் கோணம். அது மாறினால் எக்ஸ்ரே இயந்திரத்தைச் சந்தேகிக்க வேண்டாம். ஒரே படத்தின் மேல் எலும்பு விளிம்புகளை இருமுறை வரைந்து 2 டிகிரி மாறியிருக்கிறது என்றால் பிழை புள்ளி வைப்பதில்தான். படம் சீராகப் பெரிதாவதால் மில்லிமீட்டர் அளவுதான் மாறும், கோணம் மாறாது.

புள்ளிகள் நான்கு: எஸ் (மண்டையோட்டின் அடியிலுள்ள செல்லா குழியின் நடு), என் அல்லது நேசியான் (மூக்கின் வேர்), ஏ (மேல்தாடை எலும்பின் முன்பக்கக் குழிவு), பி (கீழ்த்தாடையில் அதேபோன்ற குழிவு). எஸ்என்ஏவிலிருந்து எஸ்என்பியைக் கழித்தால் ஏஎன்பி. எனவே முதலில் எஸ்என்ஏ, எஸ்என்பி கோணங்கள் இரண்டையும் தனித்தனியே பாருங்கள். எஸ்என்ஏ மட்டும் 2 கூடியிருந்தால் ஏ புள்ளி நகர்ந்திருக்கிறது. பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். மேல்தாடையின் முன்விளிம்பு அங்கே மெலிந்து கறுத்துவிடும். கன்னத்தின் நிழலை எலும்பு விளிம்பு என்று எடுத்துக்கொள்வோம். நேசியானிலிருந்து ஏ வரை சுமார் 55 மி.மீ. என்று வைத்தால், ஏ 1 மி.மீ. முன்னே போனாலே 1 டிகிரி கூடிவிடும். இரண்டும் ஒரே அளவு மாறினால் குற்றவாளி எஸ். ஆனால் அப்போது ஏஎன்பி அசைந்திருக்காது.

சோதனை: 10 படங்களை எடுத்து, பழைய அளவுகளைப் பார்க்காமல் இரண்டு வாரம் கழித்து மறுபடி வரையுங்கள். ஒவ்வொரு படத்தின் வித்தியாசத்தையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, 20-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். இதுதான் டால்பெர்க் பிழை, அதாவது ஒரே படத்தை மறுபடி அளக்கும்போது வரும் சராசரித் தடுமாற்றம். ஏஎன்பிக்கு அது 1 டிகிரியை நெருங்கினால், சிகிச்சைக்கு முன்பின் ஒப்பிடும்போது 1 டிகிரி மாற்றத்தை முன்னேற்றம் என்று எழுதாதீர்கள்.

ஒன்று மட்டும்: இரண்டு தடவையும் கன்ன நிழலையே ஏ என்று எடுத்தால் டால்பெர்க் அழகாகக் குறைவாக வரும், அளவு தவறாகவே இருக்கும். ஐந்தாறு படங்களையாவது வேறொருவரிடம் கொடுத்து வரையச் சொல்லுங்கள். பல் எடுப்பதா என்பதை இந்த ஒரு கோணத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.