ஜப்பானில் டிப்ஸ் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

ஒரு யென்கூட வேண்டாம். ராமென் கடை, டாக்சி, சலூன், ஓட்டலில் பெட்டி தூக்குபவர் என யாரும் எதிர்பார்ப்பதில்லை.

சாப்பிட்டு முடித்ததும் பெரும்பாலும் பில்லை எடுத்துக்கொண்டு வாசலருகே உள்ள கல்லாவுக்குப் போக வேண்டும். பணத்தைக் கையில் நீட்டாமல் அங்கிருக்கும் சின்னத் தட்டில் வையுங்கள். மேசையில் 200 யென் காசை விட்டுவிட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று நினைத்து ஊழியர் தெருவரை ஓடி வந்து திருப்பிக் கொடுப்பார். பாவம், கூட்ட நேரத்தில் அவருக்கு அது வெட்டி அலைச்சல். கிளம்பும்போது ‘கொச்சிசோ-சமா தெஷ்தா’ (சாப்பாட்டுக்கு நன்றி) என்று சொன்னால் போதும். டாக்சியில் மட்டும், மீட்டர் 960 காட்டினால் 1,000 கொடுத்து மீதியை வேண்டாம் என்பது சகஜம்.

பில்லில் கூடுதலாக ஏதாவது இருந்தால் அது டிப்ஸ் அல்ல. பெரிய ஓட்டல்களில் 10 முதல் 15 சதவீதம் சேவைக் கட்டணம் பில்லிலேயே ஏறியிருக்கும். இஸகாயா எனும் மதுக்கடையில் கேட்காமலே ஒரு குட்டிக் கிண்ணத்தில் தொடுகறி வரும். அதன் பெயர் ஒதோஷி. தலைக்கு 300 முதல் 500 யென். உட்கார்ந்ததற்கான காசு அது, சண்டை போட வேண்டாம்.

விதிவிலக்கு என்றால் ரியோக்கன், அதாவது பாரம்பரிய விடுதி. அறைக்கே சாப்பாடு கொண்டுவந்து, படுக்கை விரித்துத் தரும் நகாய்-சானுக்கு ‘கொகொரோசுகே’ என்ற அன்பளிப்புப் பணம் கொடுக்கும் வழக்கம் உண்டு. கட்டாயமில்லை. குழந்தை, வயதானவர், சைவச் சாப்பாடு என்று கூடுதல் வேலை வைத்தால் கொடுக்கலாம். அறைக்கு மொத்தமாக 1,000 முதல் 3,000 யென். ஆளுக்கு இவ்வளவு என்ற கணக்கில்லை. கசங்காத நோட்டை, முகம் மேலே இருக்க மூன்றாக மடித்து, போச்சிபுகுரோ என்ற சின்ன உறையில் போடுங்கள். 100 யென் கடைகளிலேயே கிடைக்கும். கறுப்பு-வெள்ளை முடிச்சுப் போட்ட உறை துக்க வீட்டுக்கு உரியது, பார்த்து வாங்குங்கள். 4,000 வேண்டாம், நான்குக்கும் சாவுக்கும் அங்கே ஒரே ஒலி. நம் மொய்க் கவர் மாதிரி ஒன்று சேர்த்து 1,001 வைக்கும் பழக்கமும் கிடையாது.

கிளம்பும்போது அல்ல, வந்த அன்றே, அறையைக் காட்டி முடித்ததும் இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். முதல் தடவை ‘வேண்டாம்’ என்பது பெரும்பாலும் மரியாதைக்குத்தான். இரண்டாவது தடவையும் மறுத்தால், வாங்கக் கூடாது என்று விடுதியிலேயே சொல்லியிருப்பார்கள். உறையைத் திரும்பப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.