கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீராகக் கொடுத்தால் குடிப்பீர்களா? சென்னைக்கு இது சரிப்படுமா?

குடிப்பேன். ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, குடிக்கத் தகுந்த ஏரித் தண்ணீரை வேறு எதற்கெல்லாம் செலவழிக்கிறோம் என்பதை.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டன. எங்கள் குடியிருப்பில் போர்வெல் வெறும் காற்றைத்தான் இழுத்தது. லாரி நடுராத்திரி வந்தாலும் சம்ப்பைத் திறந்துவிட வீட்டுக்கு ஒருவர் என்று முறை போட்டு விழித்திருந்தோம். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர்.

அதே ஆண்டில்தான் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் சாக்கடை நீரை ஆர்.ஓ. (சவ்வு வழியாக உப்பையும் பிரிக்கும் முறை) வரை சுத்திகரிக்கும் நிலையங்கள் வந்தன. ஒவ்வொன்றின் திறனும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர். ஒரு நிலையமே 18 ரயிலுக்குச் சமம்! கொடுங்கையூர் தண்ணீர் மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும், கோயம்பேடு தண்ணீர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமும் போகிறது. பாய்லருக்கு இது தாராளமாகப் போதும். அங்கே மிச்சமாகும் ஏரித் தண்ணீர் வீடுகளுக்கு வரும். மழை பொய்த்த வருஷத்திலும் சாக்கடை ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?

சிரமம் குழாயில் இருக்கிறது. இந்தத் தண்ணீருக்குத் தனி லைன் வேண்டும், தொலைவு கூடக் கூடச் செலவும் ஏறும். ஆர்.ஓ. கழிக்கும் உப்புநீரை எங்கே விடுவது என்பதையும் திட்டம் போடும்போதே முடிவு செய்தாக வேண்டும்.

குடிப்பதற்கு வருகிறேன். நமீபியாவின் விண்ட்ஹூக் நகரம் 1968 முதலே சுத்திகரித்த கழிவுநீரைக் குடிநீரோடு சேர்க்கிறது. சிங்கப்பூர் 2003-இல் தொடங்கிய நியூவாட்டர் என்ற சுத்திகரித்த கழிவுநீர் பெரும்பாலும் ஆலைகளுக்குப் போகிறது. வறண்ட மாதங்களில் நீர்த்தேக்கத்தில் கலந்து, மறுபடி சுத்திகரித்துத் தருகிறார்கள். சென்னைக்கும் இந்தச் சிங்கப்பூர் வழிதான் பொருந்தும் என்பது என் எண்ணம். தினசரிப் பரிசோதனை முடிவுகளை மக்கள் பார்க்கும்படி வெளியிட்டால் அருவருப்பு தானாகக் குறையும்.

தண்ணீர்ச் சிக்கனம் என்றால் எனக்கு மீட்டர்தான். வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்து அளவுக்கேற்ப வசூலித்த பிறகு, எங்களுக்கு நாளுக்கு நான்கு லாரி தேவைப்பட்டது மூன்றானது. ஒழுகும் ஃப்ளஷ் டேங்குகளை அவரவரே சரிசெய்துகொண்டார்கள். புதிதாக வீடு கட்டுகிறவர்கள், கழிப்பறை ஃப்ளஷுக்குச் சுத்திகரித்த நீரை விட இப்போதே தனி லைன் போட்டுவிடுங்கள். எங்கள் பழைய கட்டடத்தில் அதற்காகச் சுவரை உடைக்க வேண்டியிருக்கிறது.