சித்தாளுக்கு 650 ரூபாய் போதுமா?

கேள்வி: திருச்சியில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் பழைய காம்பவுண்டுச் சுவரை இடித்துவிட்டு 60 அடிக்குப் புதுச்சுவர் எழுப்பப் போகிறோம். பொருள், கூலி எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் ஒதுக்கியிருக்கிறோம். கொத்தனாருக்கு 1,100, ஆண் ஆளுக்கு 900, சித்தாள் பெண்கள் இருவருக்கும் தலைக்கு 650 என்கிறார் மேஸ்திரி. 12 நாள் வேலையாம். ‘காலையில் ஆட்கள் நிற்கிற இடத்துக்குப் போனால் வடமாநிலப் பையன்கள் 600க்கே வருவார்கள், எதற்கு 900’ என்கிறார் கணவர். மொத்தமாகக் கான்ட்ராக்ட் விடலாமா என்றும் ஒரு யோசனை. யாரையும் ஏமாற்றவும் வேண்டாம், நாங்கள் ஏமாறவும் வேண்டாம். கூடவே, செப்டிக் டேங்கில் இறங்கிச் சுத்தம் செய்து தர ஒருவர் 1,500 கேட்கிறார், கொடுக்கலாமா?

பதில்: முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். மேஸ்திரி சொன்னபடி ஒரு நாள் கூலி 3,300, பன்னிரண்டு நாளுக்கு 39,600. ஆண் ஆளுக்கு 900க்குப் பதில் 600 கொடுத்தால் மொத்தமாக உங்களுக்கு மிச்சமாவது 3,600 ரூபாய். ஒன்றரை லட்சத்தில் இது இரண்டரை சதவீதம்கூட இல்லை. வேலை செய்கிறவருக்கோ அது தினமும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போவது. உங்களுக்குப் பெரிதாக உதவாத ஒரு தொகை அவர் வீட்டில் வாடகையாகவோ பிள்ளையின் பள்ளிச் செலவாகவோ இருக்கும்.

அடுத்து, 900 என்று கேட்டதும் நாம் உடனே முப்பதால் பெருக்கி ‘மாசம் 27,000 சம்பாதிக்கிறாரே’ என்று நினைத்துவிடுகிறோம். அப்படி யாருக்கும் வேலை கிடைப்பதில்லை. மழை, மணல் வராத நாள், ஒரு வேலை முடிந்து அடுத்தது கிடைக்கிற வரை சும்மா இருக்கிற நாள், உடம்பு முடியாத நாள் எல்லாம் போக 18 நாள் வேலை கிடைத்தால் 16,200 ரூபாய், ஐப்பசி கார்த்திகையில் அதுவும் இருக்காது. பி.எஃப். இல்லை, சம்பளத்தோடு லீவு இல்லை, முதுகு பிடித்துக்கொண்டால் பார்க்க ஆளில்லை. நாள் கூலி என்பது வேலை இல்லாத நாளுக்கும் சேர்த்து வாங்குகிற சம்பளம், அதனால் அதை மாதக் கணக்கில் வைத்துத்தான் நியாயம் பார்க்க வேண்டும். அதே 18 நாளுக்கு 650 வாங்குகிற சித்தாளுக்கு 11,700தான் வருகிறது. திருச்சியில் வாடகை கொடுத்துக்கொண்டு ஒரு குடும்பம் அதில் ஓட முடியுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

‘நூறு நாள் வேலைக்கு அரசாங்கமே 336 ரூபாய்தானே வைத்திருந்தது’ என்று யாராவது சொல்வார்கள். 2025-26-க்கு தமிழ்நாட்டில் அதுதான் தொகை, உண்மை. ஆனால் அது சொந்த ஊரில் வேலை கிடைக்காதவருக்குக் கைகொடுக்க வைத்த தொகை, கட்டட வேலைக்கான விலை இல்லை. கட்டட வேலைக்கென்று அரசு அறிவிக்கிற குறைந்தபட்சக் கூலி தனியாக இருக்கிறது. அதற்குக் கீழே போகக் கூடாது என்பதுதான் அதன் பொருள், அதுவே போதும் என்று அர்த்தமில்லை.

வடமாநிலப் பையன்கள் விஷயத்துக்கு வருகிறேன். ரிசர்வ் வங்கி வெளியிட்ட கணக்குப்படி 2022-23-இல் கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி கேரளாவில் 850 ரூபாயைத் தாண்டியது, தமிழ்நாட்டில் 500ஐ ஒட்டி இருந்தது, அகில இந்திய சராசரியோ 400க்கும் கீழே. அதனால்தான் அவர்கள் இவ்வளவு தூரம் வருகிறார்கள், 600 என்றாலும் தலையாட்டுகிறார்கள். ஊர் தெரியாது, பாஷை தெரியாது, இன்று விட்டால் நாளைக்கு யார் கூப்பிடுவார்கள் என்ற பயம் வேறு. அந்தப் பயத்தை வைத்துப் பேரம் பேசாதீர்கள். யாரை வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், அது உங்கள் இஷ்டம், ஆனால் உங்கள் தெருவில் அந்த வேலைக்கு என்ன கூலியோ அதைக் கொடுங்கள்.

அந்த நடப்புக் கூலியை எப்படித் தெரிந்துகொள்வது? சமீபத்தில் வீட்டு வேலை செய்த இரண்டு பேரைக் கேளுங்கள், அப்புறம் வேலை செய்கிறவர்களையே நேராகக் கேளுங்கள். இதை யாரும் செய்வதில்லை. மேஸ்திரி உங்களிடம் 900 வாங்கிக்கொண்டு ஆளிடம் 750 கொடுப்பது சகஜம். மேஸ்திரிக்கு அவர் உழைப்புக்கு உண்டானதைத் தனியாகப் பேசிக் கொடுத்துவிட்டு, ஆட்களின் கூலியை அவரவர் கையில் கொடுங்கள், அல்லது ஜிபே செய்யுங்கள். 900 வாங்க வேண்டியவர் கைக்கு 900 போய்ச் சேர்ந்தால்தான் நீங்கள் நியாயமாகக் கொடுத்ததாக ஆகும்.

பெண்களின் 650தான் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது. ஆண் கடப்பாரை பிடிக்கிறார், பெண் சும்மா எடுத்துத்தானே கொடுக்கிறார் என்பார்கள். ஒரு நாள் நிழலில் நின்று பாருங்கள்: மண்ணைப் பாண்டில் அள்ளித் தலையில் ஏற்றி, குழியிலிருந்து தெருவரைக்கும் நடந்து கொட்டிவிட்டுத் திரும்புவது, மணல் சலிப்பது, கலவை போடுவது, கொத்தனார் கை காயாமல் செங்கல் சேர்ப்பது, சாயங்காலம் சுவருக்குத் தண்ணீர் விடுவது என்று அவர்கள் உட்காருவது சாப்பிடும்போது மட்டும்தான். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது, 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையேதான் சொல்கிறது. இருவருக்கும் 900 ஆக்கினால் பன்னிரண்டு நாளுக்கு உங்களுக்குக் கூடுதல் செலவு 6,000, அதாவது மொத்தத்தில் நான்கு சதவீதம். தாராளமாகச் செய்யுங்கள். மேஸ்திரி ‘நீங்க கூட்டிக் கொடுத்தா மத்த இடத்துல எனக்குக் கஷ்டம்’ என்று முனகுவார், பரவாயில்லை. கொத்தனாருக்கு 1,100 சரிதான், அது கைத்தொழில், கரண்டியும் ரசமட்டமும் அவருடையது.

கான்ட்ராக்ட் விடுவதென்றால் இடிப்பதையும் தோண்டுவதையும் மட்டும் விடுங்கள். கட்டுவதை நாள் கூலியில் வைத்துக்கொள்ளுங்கள், அவசரத்தில் கட்டிய சுவர் நேராக நிற்காது. தோண்டுவதற்கும் குருட்டாம்போக்கில் ஒரு தொகை பேசாதீர்கள். முதல் நாள் நாள் கூலிக்கே தோண்டச் சொல்லி, சாயங்காலம் எத்தனை அடி போயிருக்கிறது என்று அளந்து, அதை வைத்து அடிக்கு இவ்வளவு என்று பேசுங்கள். கீழே சரளை வந்தால் ரேட்டை மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

மழை வந்து பதினோரு மணிக்கு வேலை நின்றால் அரை நாள் கூலி. உங்கள் மணல் லாரி வராமல் நின்றால் முழுக் கூலி, அது அவர்கள் தப்பு இல்லை. சாயங்காலம் நேரம் தாண்டி இருக்கச் சொன்னால் அந்த நேரத்துக்கு இரட்டிப்பு. டீ, வடை வாங்கிக் கொடுப்பதைக் கூலியில் கழிக்காதீர்கள். கையில் கல் விழுந்தால் ஆஸ்பத்திரிக்கு என்று ஒரு ஐயாயிரம் தனியாக வையுங்கள், செலவாகாவிட்டால் உங்களுக்கே. நலவாரிய அட்டை இருக்கிறதா என்றும் கேளுங்கள், இல்லாதவர்களுக்குப் பதிவு செய்ய உதவினால் விபத்து, பென்ஷன் எல்லாவற்றுக்கும் அது கைகொடுக்கும், பதிவுக்குக் கட்டணம் கிடையாது.

கடைசியாக அந்தச் செப்டிக் டேங்க். 1,500 இல்லை, 15,000 கேட்டாலும் ஆளை இறக்காதீர்கள். உள்ளே இருக்கிற விஷவாயு ஓரிரு நிமிடத்தில் ஆளை மயக்கிச் சாய்த்துவிடும், காப்பாற்ற இறங்குகிறவரும் சாகிறார். 2013 சட்டப்படி பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பவருக்கு முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு 30 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது. அந்த மனிதருக்கு வேலை வேண்டுமென்றால் சுவர் வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். டேங்குக்கு 14420-க்கு போன் செய்து உறிஞ்சும் லாரியை வரவழையுங்கள், அதையும் புதுச்சுவர் எழும்புவதற்கு முன்பே செய்துவிடுங்கள், சுவர் வந்துவிட்டால் பின்பக்கமிருந்து குழாய் விட வழி இருக்காது.