நீண்ட பயணத்துக்கு எந்த சீட்? சேலம் பைக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

பைக் சீட்டைப் பிரித்து, ஃபோம் மாற்றி, வடிவம் திருத்தித் தைப்பது என் தொழில். வெளியூர்ப் பயணம் போகிறவர்களும் தினமும் மலை ஏறி இறங்குகிறவர்களும் சீட் வாங்கும் முன் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

ஓமலூர், கிளாசிக் 350: அண்ணா, அடிக்கடி பெங்களூரு போகிறேன். கிருஷ்ணகிரி தாண்டினால் உட்காரவே முடியவில்லை. கடையில் ஒரு சீட் பார்த்தேன், விரல் வைத்தாலே அமுங்குகிறது. வாங்கலாமா?

வேண்டாம். விரலுக்கு மெத்தென்று இருப்பது வேறு, எழுபது எண்பது கிலோவை மூன்று மணி நேரம் தாங்குவது வேறு. நீண்ட பயணத்துக்கு சீட் வாங்குகிற பலரும் இந்த இடத்தில்தான் பணத்தை விடுகிறார்கள்.

உட்காரும்போது உடல் எடையில் பெரும்பகுதி இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகள் வழியாகத்தான் இறங்குகிறது. பெரியவர்களுக்கு அந்த முனைகளின் இடைவெளி பெரும்பாலும் 10 முதல் 15 செ.மீ. வரை இருக்கும். ஃபோம் மிக மென்மையாக இருந்தால் அவை கொஞ்சம் கொஞ்சமாகப் புதைந்து அடித்தட்டை நெருங்கிவிடும். அதற்கப்புறம் நீங்கள் பிளாஸ்டிக் தட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம். தர்மபுரி வரை சுகமாக இருந்து கிருஷ்ணகிரியில் வலி தொடங்குவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அது போக, எலும்பு புதையும்போது சுற்றியுள்ள ஃபோம் மேலெழுந்து தொடையிடுக்கை அழுத்தும்.

கடையில் விரலால் அழுத்தாதீர்கள். சீட்டைத் தரையில் வைத்து, நீங்கள் உட்காரும் இடத்தில் ஒரு முழங்காலை ஊன்றி முழு எடையையும் போடுங்கள். முட்டிக்குத் தட்டு தட்டுப்பட்டால் அந்த சீட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

அடுத்தது அகலம். வீட்டில் ஒரு அட்டைப்பெட்டியின் அட்டையைக் கெட்டியான பெஞ்சில் போட்டு, சற்று முன்னால் சாய்ந்து இரண்டு நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் இரண்டு பள்ளம் தெரியும். சீட்டின் சமமான பகுதி அந்த இரண்டு பள்ளங்களையும் தாண்டி இருபுறமும் விரிந்திருக்க வேண்டும். ஓரம் சரிந்து போகிற இடத்தில் எலும்பு விழுந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சீட்டும் வலிக்கும். முன்பக்கம் மட்டும் குறுகலாக இருக்கட்டும், தொடை உரசாது.

கிளாசிக்குக்கு ராயல் என்ஃபீல்டே டூரிங் சீட் விற்கிறது. வெளியில் வாங்கும் முன் அதிலும் உட்கார்ந்து பாருங்கள். ஐந்து நிமிடம் போதாது. இருபது நிமிடமாவது கடைக்காரரோடு பேசிக்கொண்டே உட்காருங்கள்.

அம்மாபேட்டை, ஸ்ப்ளெண்டர்: கொலுசு வியாபாரம். ஈரோடு, கரூர் என்று வாரம் முழுக்க ஓட்டம். புது சீட் வாங்க வசதி இல்லை. பழையதையே சரி செய்ய முடியுமா?

தாராளமாக. ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டிக்கு அதுதான் என் முதல் யோசனையும். கம்பெனி அடித்தட்டு வண்டிக்குச் சரியாகப் பொருந்தும். வெளியில் வாங்கும் மலிவு சீட்டுகள் பலவற்றில் அந்தப் பொருத்தம்தான் கெட்டுப்போகிறது.

சீட் ஒர்க்ஸில் கொடுக்கும்போது வெறுமனே "ஸ்பாஞ்ச் மாத்துங்க" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். பழைய ஃபோம் கிழியாமல் இருந்தால் அதை முழுக்கத் தூக்கி எறிய வேண்டாம். உட்காரும் இடத்தில் மட்டும் அமுங்கிப்போன பகுதியை வெட்டி எடுத்து, அங்கே ரீபாண்டட் ஃபோம் வைக்கச் சொல்லுங்கள். துண்டு ஃபோமை ஒட்டி அழுத்திச் செய்வதுதான் ரீபாண்டட். சோபாவுக்கு 32, 40 டென்சிட்டி ஃபோம் போடுவார்கள். ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை அத்தனை கிலோ என்பது அதன் கணக்கு. ரீபாண்டட் 80, 100 என்று கிடைக்கும், சீக்கிரம் அமுங்காது. அதன் மேல் ஓர் அங்குலத்துக்குள் சற்று மென்மையான ஃபோம், அதற்கு மேல் ரெக்சின். அடியில் கெட்டி, மேலே மெது என்ற இந்த வரிசை மாறக்கூடாது.

தைத்து வந்ததும் சீட்டைக் கவிழ்த்து அடியில் உள்ள ரப்பர் புஷ்களைப் பாருங்கள். நாலில் ஒன்று இல்லாவிட்டாலும் அதிர்வு நேராக முதுகுக்கு வரும். பழைய வண்டிகளில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு புஷ் காணாமல் போயிருக்கிறது. அதை மாற்ற ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுகூட இருக்காது.

நாகலூர், அப்பாச்சி: எஸ்டேட் வேலையாக தினமும் ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்குகிறேன். பளபளப்பான ரெக்சின் போட்டதிலிருந்து ஒவ்வொரு வளைவிலும் டேங்கில் போய் இடிக்கிறேன். கீழே வருவதற்குள் தொடையிடுக்கு மரத்துப்போகிறது.

இரண்டு கோளாறு சேர்ந்திருக்கிறது: வழுக்கல், சரிவு.

அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் பிரேக் பிடிக்கும்போது உடம்பு முன்னால் போகத்தான் செய்யும். சொரசொரப்பான மேல்துணியாக இருந்தால் அதுவே பிடித்து வைக்கும். பளபள ரெக்சினில் கைகள்தான் அந்த எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது, மணிக்கட்டும் தோளும் சேர்ந்து வலிக்கும். உட்காரும் பகுதிக்கு மட்டும் சொரசொரப்பான ரெக்சினோ, வண்டி சீட்டுக்கென்றே வரும் பிடிப்புள்ள துணியோ போட்டுத் தைக்கச் சொல்லுங்கள். ஓரங்கள் வழுவழுப்பாகவே இருக்கட்டும், கால் ஊன்றுவதற்கு வசதி.

சரிவைக் கண்டுபிடிக்க, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நீங்கள் உட்கார்ந்து, இன்னொருவரை உங்கள் இருக்கைக்குப் பக்கத்தில் கொத்தனார் ரசமட்டத்தை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சமதரையிலேயே சீட் முன்னால் சாய்ந்திருந்தால் மலைச்சரிவில் இன்னும் மோசமாகும். உட்காரும் பள்ளத்தின் முன்விளிம்பைக் கொஞ்சம் உயர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரேயடியாக அரை அங்குலத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம், அது வேறு இடத்தில் குத்தும்.

மரத்துப்போவது அந்த இடத்து நரம்பும் ரத்த ஓட்டமும் அழுத்தப்படுவதால். இறங்கி நடந்ததும் போய்விட்டால் சீட்டைச் சரி செய்தால் போதும். இறங்கிய பிறகும் நெடுநேரம் உணர்ச்சி திரும்பவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

ஐந்து ரோடு: ஜெல், காற்று, மெமரி ஃபோம். எது நல்லது?

சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் வைத்துச் சொல்கிறேன்.

ஜெல் அழுத்தத்தைப் பரப்பும், உண்மை. ஆனால் மே மாத வெயிலில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தால் தெரியும், வாங்கிய சூட்டை ஜெல் லேசில் விடாது. ஜெல் வேண்டுமென்றால் மேலாகப் போடும் பேடாக வாங்காமல், ஃபோமுக்குள் மெல்லிய அடுக்காக வைத்துத் தையுங்கள், மேலே வெளிர் நிறத் துணி.

மெமரி ஃபோம் என்பது உடம்பு அழுத்திய வடிவத்துக்குப் படிந்து, எழுந்ததும் மெல்ல நிமிரும் ஃபோம். அது சூட்டில் இளகும், குளிரில் இறுகும். மார்கழிக் காலையில் ஏற்காட்டில் கெட்டியாகவும் அதே நாள் மதியம் சேலத்தில் தொளதொளவென்றும் இருக்கும். முழு சீட்டையும் அதில் செய்வதை நான் ஆதரிக்கவில்லை. அரை அங்குல மேலடுக்காகப் போட்டால் பரவாயில்லை.

காற்று மெத்தை நேர் ரோட்டில் நன்றாகவே வேலை செய்கிறது. சென்னைக்கோ கொச்சிக்கோ நாள் முழுக்க ஓட்டுகிறவர்களுக்கு நானே சொல்வதுண்டு. பலரும் செய்கிற தவறு டியூப் மாதிரி நிறையக் காற்று அடிப்பது. உட்கார்ந்த பிறகு வால்வைத் திறந்து, உடம்புக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு விரல் தடிமன் காற்று மிஞ்சும்வரை விட வேண்டும். மலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம்: சேலத்திலிருந்து ஏற்காடு ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் பத்து சதவீதத்துக்கு மேல் குறைகிறது. கீழே அளவாக அடித்த மெத்தை மேலே போனால் விறைப்பாகிவிடும். அங்கே காற்றைக் குறைத்தால் கீழே வந்ததும் தொய்ந்துவிடும். வளைவில் சாயும்போதும் அது உடம்பை ஆட்டும். தினமும் மலை ஏறுகிறவர்களுக்கு வேண்டாம்.

அஸ்தம்பட்டி, ஹிமாலயன் 450: அண்ணா, என் உயரம் ஐந்தடி இரண்டங்குலம். கால் எட்டவில்லை. ஃபோமைச் செதுக்கி இறக்கிவிடலாம் என்கிறார்கள்.

செதுக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள். உங்கள் வண்டி சீட்டில் இரண்டு நிலை உண்டு, 825 மி.மீ., 845 மி.மீ. முதலில் அது கீழ் நிலையில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனியே 805 மி.மீ. வரும் தாழ்வான சீட்டும் தருகிறது.

அதற்கப்புறமும் எட்டவில்லை என்றால், உட்காரும் இடத்து ஃபோமைத் தொட வேண்டாம். அது மெலிந்தால் முதல் கேள்வியில் சொன்ன அதே வலி வரும், முட்டியும் அதிகமாக மடங்கும். முன்பகுதியின் இரண்டு ஓரங்களை மட்டும் இழைத்துக் குறுக்கச் சொல்லுங்கள். தொடை விலகாமல் கால் நேராக இறங்கும், உயரத்தைக் குறைக்காமலே பாதம் தரையை நெருங்கும்.

மலையில் கவனிக்க வேண்டியது: வளைவில் எதிரே பஸ் வந்து நிற்க நேர்ந்தால் உட்பக்கத்துத் தரை தாழ்ந்திருக்கும். சமதரையில் நுனிக்கால் எட்டினால் அங்கே எட்டாது. வெளிப்பக்கக் காலை ஊன்றி நிற்கப் பழகிக்கொள்ளுங்கள்.

ஆத்தூர்: வண்டி ஓட்டுவது என் வீட்டுக்காரர். பின்னால் உட்காருவது நான். அவர் தனக்கு மட்டும் நல்ல சீட் பார்க்கிறார். என் பக்கத்துக்கு ஒன்றும் இல்லையா?

இருக்கிறது அக்கா, நீங்கள் கேட்டது நல்லது. பின்னால் இருப்பவருக்குத்தான் அடி அதிகம். பின்சக்கரத்துக்கு நேர் மேலே உட்காருகிறீர்கள், பள்ளம் வருவதும் முன்கூட்டித் தெரியாது. அதனால் பின் சீட்டின் ஃபோம் முன் சீட்டைவிடத் தடிமனாக இருக்கலாம். பல டூரிங் சீட்டுகளில் தலைகீழாக, பின்னால் மெல்லிய பட்டைதான் இருக்கும். வாங்கும்போது நீங்களும் கூடப் போய் உட்கார்ந்து பாருங்கள்.

ஒருபக்கமாக உட்கார்ந்து ஆத்தூரிலிருந்து சென்னை வரை போனால் எந்த சீட்டும் காப்பாற்றாது. எடை ஒரு பக்கம் விழுந்து முதுகு முறுக்கிக்கொள்ளும். நீண்ட தூரத்துக்கு சுடிதார் போட்டு இருபுறமும் கால் போட்டு உட்காருவதே நல்லது. முதுகுக்குச் சாய்மானம் வைத்தால் பாதிக் களைப்பு குறையும், அது வண்டிச் சட்டத்தில் போல்ட் போட்டு மாட்டியதாக இருக்க வேண்டும்.

சூரமங்கலம்: பின் சீட்டைக் கழற்றிவிட்டு ஒற்றை சீட் போடலாமா?

போட்டால் பின்னால் யாரையும் ஏற்றாதீர்கள். பின்னால் ஒருவர் உட்கார, வண்டியில் உறுதியாகப் பொருத்திய முறையான சீட் இருக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். கைப்பிடி, கால் வைக்கும் இடம், பின்சக்கரத்தைப் பாதியாவது மறைக்கும் தடுப்பு, இவற்றை வாகன விதி கேட்கிறது. ஆர்.சி.யில் இருவர் என்று இருக்கும்போது நிரந்தரமாக மாற்றுவதானால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மேட்டூர்: மழையில் நனைந்தால் இரண்டு நாளைக்கு சீட்டிலிருந்து தண்ணீர் வருகிறது.

தையல் துளை வழியாக உள்ளே போகிறது. உட்காரும் இடத்தில் அலங்காரத் தையல் வேண்டாம். ரெக்சினுக்கும் ஃபோமுக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் போட்டுத் தைத்தால் நின்றுவிடும்.

கொண்டலாம்பட்டி: தம்பி, எனக்கு வயது அறுபது தாண்டியாயிற்று. வால் எலும்பு வலி. சீட் மாற்றினால் போய்விடுமா?

ஐயா, முதலில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். சீட் விஷயத்தில் நான் செய்யக்கூடியது, பின்பக்கம் நடுவில் ஒரு பள்ளம் விட்டு வால் எலும்பு எதிலும் படாமல் தைப்பது. ஆனால் முதுகைக் கூன் போட்டு உட்கார்ந்தால் எடை மறுபடியும் அங்கேதான் போகும். ஹேண்டில்பார் எட்டாமல் முதுகு வளைகிறதா என்று பாருங்கள். பல பேருக்கு ஹேண்டிலைக் கொஞ்சம் அருகில் கொண்டுவந்ததும் சீட் வலியே குறைந்திருக்கிறது. மணிக்கு ஒரு தடவை இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள்.

சீலநாயக்கன்பட்டி: புது சீட் மாட்டியாயிற்று. நெடும்பயணத்துக்கு முன் எங்கே ஓட்டிப் பார்ப்பது?

ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் தெரியாது, சிக்னலுக்கு சிக்னல் கால் ஊன்றிவிடுகிறோம். ஒரு நாள் காலையில் தொப்பூர் தாண்டி தர்மபுரி வரை நிற்காமல் போய் வாருங்கள். எலும்பு புதைகிறதா என்பதை அந்த நிற்காத ஓட்டம் காட்டிவிடும். இன்னொரு நாள் ஏற்காடு ஏறி, குப்பனூர் வழியாக இறங்குங்கள். வழுக்கலும் சரிவும் அங்கே தெரியும். சீட்டைப் பிடித்திருக்கும் கொக்கியும் தாழ்ப்பாளும் ஆடுகிறதா என்று இரண்டு தடவையும் வந்ததும் பாருங்கள். புது ஃபோம் சில வாரத்தில் கொஞ்சம் படியும், அதனால் சற்றுக் கெட்டியாகத் தோன்றினால் உடனே பிரிக்க வேண்டாம். அதுவரை பழைய சீட்டை விற்றுவிடாதீர்கள்.