ஹிமாலயன் 411-ஐக் கொடுத்துவிட்டு 450 எடுக்கலாமா?

கேள்வி: "2018 மாடல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக் வைத்திருக்கிறேன். மனைவியோடு நீண்ட பயணம் போவது வழக்கம். 450-க்கு மாறினால் போடும் காசுக்குத் தகுமா? மாறுவதென்றால் எந்த நிறம் எடுக்கலாம்?"

தகும். ஆனால் அதற்கு ஆட்கள் சொல்லும் காரணங்களில் முக்கால்வாசி எனக்கு ஒப்பவில்லை.

நீங்கள் எழுதாவிட்டாலும் நிலைமை புரிகிறது. உங்களோடு வண்டி ஓட்டுகிறவர்களில் இரண்டு பேர் 450 எடுத்துவிட்டார்கள். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் டீ குடித்து, வடை தின்று, கை கழுவிக்கொண்டு நிற்கிறார்கள். அந்தக் கடுப்பில்தான் கேட்கிறீர்கள் என்றால் பேசாமல் 411-ஐயே ஓட்டுங்கள். வடைக்காக யாரும் லட்சக்கணக்கில் செலவு செய்ய வேண்டாம்.

411 பக்தர்கள் சண்டைக்கு வருவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த வண்டியில் லடாக்கின் கர்துங் லா கணவாய் ஏறி இறங்கியவன் நான். அது மோசமான வண்டி என்று இந்தப் பதிலில் எங்கேயும் சொல்லப்போவதில்லை. 24.5 குதிரைத்திறன், 32 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, ஐந்து கியர். அதுவும் அந்த முறுக்குவிசை முழுவதும் 4000 ஆர்பிஎம் வாக்கிலேயே கிடைத்துவிடும். தனி ஆளாக, மலைப்பாதையில், அவசரமில்லாமல் போகிறவருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? மாற்ற வேண்டாம், சந்தோஷமாக ஓட்டுங்கள்.

என் கதை வேறு. வேலை ஓசூரில், சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். கிருஷ்ணகிரி வரை ஆறு வழிச் சாலை, பிரச்சினை இல்லை. அதன் பிறகு ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம் என்று போகும் சாலையில்தான் வண்டியின் குணம் தெரியும். நடுவில் தடுப்பில்லாத சாலையில், பின்னால் மனைவி, இரண்டு பக்கமும் பெட்டி, மேலே ஊருக்குக் கொண்டுபோகும் சாமான் மூட்டை. முன்னால் ஒரு வைக்கோல் லாரி.

வைக்கோல் லாரிக்குப் பின்னால் மாட்டியவர்களுக்குத் தெரியும். பாரம் லாரியின் அகலத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கும், எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. வைக்கோல் துரும்பு பறந்து வந்து ஹெல்மெட் கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவில் சொருகிக்கொள்ளும். எட்டிப் பார்த்தேன், சாலை காலி. 411-ஐ நாலாவது கியருக்கு இறக்கி முறுக்கினேன். வண்டி போனது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் லாரியின் பின் சக்கரத்துக்கு நேராக வந்ததும் வேகம் ஏறுவது மந்தமாகிவிட்டது, லேசான ஏற்றம் வேறு. தூரத்தில் ஒரு தனியார் பஸ் லைட்டை அடித்துக்கொண்டே வருகிறது. மனைவியின் கை என் ஜாக்கெட்டின் இடுப்புப் பட்டியை இறுக்கிப் பிடித்தது. பிரேக் அடித்து மறுபடியும் லாரிக்குப் பின்னால் ஒதுங்கினேன். செங்கத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது அவள் சொன்னது இவ்வளவுதான்: "ஏங்க, ரெண்டு பேரும் ஏறினா இந்த வண்டிக்கு மூச்சு முட்டுது. வேற பாருங்க."

இதை நான் கணக்காகவும் போட்டுப் பார்த்தேன். லாரி 50-ல் போகிறது, நீளம் 12 மீட்டர், முன்னும் பின்னும் 15 மீட்டர் இடைவெளி. மொத்தம் 42 மீட்டர் கூடுதலாகக் கடக்க வேண்டும். நீங்கள் சராசரியாக 70-ல் முந்தினால் ஏழரை விநாடி ஆகும். எதிரே வருபவரும் 70-ல் வந்தால், உங்களுக்கு முன்னால் ஏறக்குறைய 300 மீட்டர் சாலை காலியாக இருக்க வேண்டும். அதே இடத்தில் 80-ஐத் தொட முடிந்தால் ஐந்து விநாடி, 210 மீட்டர் போதும். வெறும் 10 கிலோமீட்டர் வேக வித்தியாசம் எதிர்த் தடத்தில் இருக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கிறது. 450 எனக்குக் கொடுத்தது இதைத்தான். அதன் உச்ச வேகம் என்ன என்று இன்றுவரை நான் பார்த்ததில்லை. ("வேக வரம்பு தெரியுமா?" என்று பின்னூட்டம் போட வருபவர்கள், அந்தச் சாலையில் ஒரு வைக்கோல் லாரிக்குப் பின்னால் பத்து கிலோமீட்டர் போய்விட்டு வந்து போடவும்.)

450-ல் 452 சிசி எஞ்சின், தண்ணீரால் குளிர்வது, 40 குதிரைத்திறன், 40 நியூட்டன் மீட்டர், ஆறு கியர். எடை 196 கிலோ, பழையதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அதே எடையை இழுக்க ஒன்றரை மடங்குக்கு மேல் திறன் இருக்கிறது என்றால் முந்தும்போது என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். டேங்க் 15 லிட்டரிலிருந்து 17 ஆகியிருக்கிறது, அதுவும் நல்லதுதான்.

இழப்பும் உண்டு. 411-ஐ மூன்றாவது கியரில் உருட்டிக்கொண்டே சவ்வாது மலை ஏறலாம், டக டக என்று அது பாட்டுக்கு இழுக்கும். 450-ல் அந்தச் சோம்பேறித்தனம் நடக்காது. 3000 ஆர்பிஎம்முக்குக் கீழே விட்டால் முகம் சுளிக்கும், கொண்டை ஊசி வளைவில் கியரை இறக்கியே ஆக வேண்டும். ஏலகிரியின் 14 வளைவிலும் முதல் நாள் என் இடது கால் சும்மா இருக்கவில்லை. ஒரு வாரத்தில் பழகிவிட்டது, ஆனால் பழக்கப்படுத்திக்கொள்ள வேண்டியது என்பது உண்மை. பழைய வண்டியின் நீட்சி என்று நினைத்து உட்காராதீர்கள். பேரும் முன்பக்க 21 அங்குலச் சக்கரமும்தான் ஒன்று.

சீட் உயரம் 800-லிருந்து 825 மில்லிமீட்டர் ஆகியிருக்கிறது. என் கால் எட்டுகிறது. ஆனால் பெட்டி மாட்டிய பிறகு பின்னால் ஏறுகிறவர் காலைத் தூக்கிப் போடுவதுதான் சிரமம். டெஸ்ட் ரைடுக்கு வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஷோரூமில் அவரை ஏறி இறங்கச் சொல்லுங்கள், சேல்ஸ் பையன் சிரித்தால் சிரிக்கட்டும். இன்னொன்று, பழைய பெட்டிகளின் கம்பிச் சட்டம் புதியதில் பொருந்தாது. அதற்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள்.

ஸ்போக் சக்கரத்திலேயே டியூப்லெஸ் 2024-ல் வந்தது. அது உள்ள வண்டியை மட்டும் எடுங்கள், இதில் பேரம் வேண்டாம். 411-ல் பஞ்சர் என்றால் சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பி, டியூபை உருவி என்று பாதி மத்தியானம் போகும். டியூபே போய்விட்டால் 21 அங்குல டியூப் எந்த ஊர்ப் பஞ்சர் கடையில் தொங்குகிறது?

பணம் பற்றிச் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அதற்கு முன் 28-உம் செஸ் 3-உம் இருந்தது. 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு 18 ஆகக் குறைத்துவிட்டு, நம்மைச் சர்க்கரை போட்ட சோடாவோடு ஒரே அடுக்கில் உட்கார வைத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்துக்கு ஆயுள் வரி 12 சதவீதம், அது தனி. அதனால் ஷோரூம் விலையைப் பார்த்து மனதில் கணக்குப் போடாதீர்கள். சாலைக்கு வரும் விலையை எழுதி வாங்குங்கள்.

இவ்வளவு வரி கட்டியும், பெங்களூரு–மைசூரு புதுச் சாலையின் நடுத் தடத்தில் 2023 ஆகஸ்ட் முதல் பைக்குக்கு அனுமதி இல்லை. உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 40 குதிரைத்திறன் வண்டியை சர்வீஸ் ரோட்டில் வேகத்தடைக்கு வேகத்தடை குதித்துக்கொண்டு, குறுக்கே நிறுத்திய காருக்கெல்லாம் ஹார்ன் அடித்துக்கொண்டு ஓட்ட வேண்டும். எங்கள் பாதுகாப்புக்காகவாம். அந்த சர்வீஸ் ரோட்டில் எதிர்த் திசையில் வரும் ஸ்கூட்டர்களைப் பார்த்துவிட்டு யாராவது பாதுகாப்பு பற்றிப் பேசட்டும். நான் இப்போது மைசூருக்குக் கனகபுரா, மளவள்ளி வழியாகத்தான் போகிறேன். சாலையும் நன்றாக இருக்கிறது, டீயும் நன்றாக இருக்கிறது.

சரி, பழைய வண்டிக்கு வருவோம். நான் போன ஷோரூமில் மதிப்பீட்டுக்காரர் எஞ்சினை ஸ்டார்ட் செய்துகூடப் பார்க்கவில்லை. போனில் நாலு படம் எடுத்தார், கிராஷ் கார்டு கீறலை விரலால் தடவினார், ஒரு தொகை சொன்னார். சொன்ன தொகைக்கு என் பெட்டிகளும் கிராஷ் கார்டும் மட்டுமே தேறும். நேரடியாக விற்பதென்று முடிவு செய்தேன். தர்மபுரியிலிருந்து ஒரு பையன் அப்பாவோடு வந்தான். பையன் படம் எடுப்பதிலேயே இருந்தான். அப்பாதான் குந்தி உட்கார்ந்து செயினைத் தூக்கிப் பார்த்து, எண்ணெய்க் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்து, "சர்வீஸ் பில்லு இருக்குங்களா சார்?" என்று கேட்டார். மொத்தக் கட்டையும் எடுத்து வைத்தேன். ஷோரூம் தொகையைவிட நல்ல விலைக்குப் போனது. பில்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததற்குக் கிடைத்த கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்று, உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு வீட்டுக்குப் போய்விடாமல், ஆர்சியில் பெயர் மாறும் வரை விடாமல் கேளுங்கள். பெயர் மாறாத வரை விபத்து நஷ்டஈட்டு வழக்கில் உங்கள் பெயர்தான் உரிமையாளராக நிற்கும், 2018-ல் உச்ச நீதிமன்றமே அப்படித்தான் சொல்லியிருக்கிறது. இரண்டு, நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது, வண்டியுடையது அல்ல. ஐந்து ஆண்டு கிளெய்ம் இல்லாமல் ஓட்டியிருந்தால் புது வண்டியின் சேதக் காப்பீட்டுப் பிரீமியத்தில் 50 சதவீதம் குறையும். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கடிதம் வாங்கினால் மூன்று ஆண்டுக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம். ஷோரூமில் இதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

நிறம் கேட்டிருந்தீர்கள். காமெட் வெள்ளை படத்தில் அழகாக இருக்கும், துடைக்க ஆள் இருந்தால் எடுங்கள். நான் எடுத்தது காஸா பிரவுன். ஊத்தங்கரைத் தூசியும் கிட்டத்தட்ட அதே நிறம்தான்.