இறப்பு விகிதம், இறப்புக் காரணம்: கேள்வி பதில்

கே: 2020இல் ஆயிரம் பேருக்குக் கேரளாவில் 7 இறப்பு, பீகாரில் 5.4தானாம். பீகாரில் வைத்தியம் அவ்வளவு நன்றாக இருக்கிறதா சார்?

ப: இல்லை. கேரளாவில் அறுபதைத் தாண்டியவர்கள் அதிகம், பீகாரில் பிள்ளைகள் அதிகம், அதனால் வரும் வித்தியாசம் இது. அதே ஆண்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை கேரளாவில் 6, பீகாரில் 27. வயதைச் சரிக்கட்டாமல் மாநிலங்களை ஒப்பிடாதீர்கள்.

கே: நாட்டில் எந்த நோயால் அதிகம் பேர் போகிறார்கள்?

ப: இதயநோய். இதயநோய், சர்க்கரை, புற்றுநோய் போல ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவாத தொற்றா நோய்களின் பங்கு மொத்த இறப்பில் 1990இல் 37.9 சதவீதம், 2016இல் 61.8 என்பது மதிப்பீடு.

கே: அப்பா சான்றிதழில் 'இதயமும் சுவாசமும் நின்றதால்' என்று இருக்கிறது. மாரடைப்பில் சேருமா அண்ணா?

ப: அப்பாவை இழந்திருக்கிறீர்கள், மனசு கஷ்டமாக இருக்கிறது தம்பி. சேரக்கூடாது. யார் இறந்தாலும் இதயம் நிற்கத்தான் செய்யும், அது காரணம் ஆகாது. மருத்துவமனையில் இறந்தவருக்கு மருத்துவர் காரணம் எழுதித் தரும் படிவம் 4இல் முதல் வரி உடனடிக் காரணத்துக்கு, அதன் கீழே அதைக் கொண்டுவந்தது, கடைசியில் எல்லாவற்றையும் தொடங்கிவைத்த அடிப்படை நோய். ஒரு முறை என் மேசைக்கு வந்த படிவத்தில் மேல் வரியில் 'இதயம் நின்றது', கீழே எல்லாம் காலி. கூட வந்த மகளிடம் கேட்டால், அம்மாவுக்குப் பதினைந்து வருடச் சர்க்கரை, வாரம் இரண்டு டயாலிசிஸ் என்கிறார். அந்தச் சர்க்கரை நாட்டுக் கணக்கில் ஏறவே இல்லை. 2020இல் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதியதே 22.5 சதவீதம், அதிலும் இப்படி என்றால் எதை வைத்துத் திட்டம் போடுவது?

கே: பீகாரில் சாவைப் பதிவதே இல்லை சார், அதனால்தான் எண் குறைவு. வயது எல்லாம் சமாளிப்பு.

ப: சமாளிப்பு இல்லை. பதிவு குறைவு என்பது உண்மை, ஆனால் இந்த எண் பதிவு அலுவலகத்திலிருந்து வரவில்லை. மாதிரிப் பதிவுத் திட்டம் என்ற கணக்கெடுப்பிலிருந்து வருகிறது. அதில் தேர்ந்தெடுத்த ஊரில் ஒருவர் தொடர்ந்து குறித்து வருவார், ஆறு மாதத்துக்கு ஒரு முறை இன்னொருவர் தனியாக வீடு வீடாகக் கேட்பார், இரண்டையும் ஒட்டிப் பார்த்து, ஒவ்வாததை மறுபடி போய் விசாரிப்பார்கள்.

கே: அப்போ டெல்லியில் ஆயிரம் பேருக்கு 3.6 இறப்புதானாமே, அது ஏன்?

ப: வயது. மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

கே: காலையிலிருந்து நெஞ்சு அழுத்துகிறது, இது...

ப: இங்கே எழுதாதீர்கள். இப்பவே 108ஐக் கூப்பிடுங்கள்.

கே: வீட்டில் இறந்தால் காரணம் யார் எழுதுவது?

ப: கடைசியாக வைத்தியம் பார்த்த மருத்துவர், படிவம் 4ஏ. கட்டணம் கிடையாது. பதிய 21 நாள் அவகாசம். எழுதும்போது பழைய சீட்டுகளை எடுத்துப் போய் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் சொல்லுங்கள்.