ஜப்பானில் அதிகம் அறியப்படாத ஒரு கிராமப் பகுதிக்குச் சைவ உணவு உண்ணும் பெற்றோரை அழைத்துச் செல்லலாமா?

தாராளமாக அழைத்துச் செல்லலாம். ஷிகோக்கு தீவின் நடுவில், தொகுஷிமா மாநிலத்து மலைகளுக்குள் இருக்கும் இயா பள்ளத்தாக்கில் என் அம்மாவோடு மூன்று இரவு தங்கியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அம்மாவுக்கு அப்போது 66 வயது; மீனும் முட்டையும் தொடமாட்டார். டோக்கியோவிலும் கியோட்டோவிலும் இந்திய உணவகங்கள் உண்டு, மலைக்குள் போனால் சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதுதான் உங்கள் கவலையும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் முதலில் விசாரித்த சுற்றுலா முகவர், "அங்கே கொடிப்பாலத்தைத் தவிர ஒன்றும் கிடையாது, அரை நாள் போதும்" என்றார். அந்தப் பேச்சு இன்னும் மனத்தை உறுத்துவதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பாலம் பார்க்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. காட்டுக்கொடிகளை முறுக்கிப் பின்னி, ஆற்றுக்கு மேல் 14 மீட்டர் உயரத்தில், 45 மீட்டர் நீளத்துக்குக் கட்டியிருக்கிறார்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகப் பின்னுகிறார்கள். இப்போது பாதுகாப்புக்காக உள்ளே இரும்புக் கம்பி வடங்களும் ஓடுகின்றன. 1185இல் யாஷிமாப் போரில் தோற்ற ஹெய்க்கே குலத்தார் இந்த மலைகளுக்குள் ஒளிந்தார்கள் என்றும், எதிரி துரத்தி வந்தால் உடனே வெட்டிவிடலாம் என்பதற்காகவே கொடியால் பாலம் கட்டினார்கள் என்றும் அங்கே சொல்கிறார்கள். ஆனால் பாலத்தைக் கடந்து, படம் எடுத்துக்கொண்டு, அன்றே திரும்புகிறவருக்கு இயாவில் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது தெரியவே வாய்ப்பில்லை. குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள்.

ஒகாயாமாவில் விரைவு ரயில் ஏறினால், கடலுக்கு மேல் செட்டோ பெரும்பாலத்தைக் கடந்து, சுமார் இரண்டு மணி நேரத்தில் ஒபொக்கே நிலையத்தில் இறங்கலாம். அதன்பின் பேருந்துதான், நாளுக்குச் சில நடைகளே உண்டு என்பதால் நேர அட்டவணையை முன்கூட்டியே கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சாப்பாடு. ஜப்பானில் "இறைச்சி, மீன் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. சூப், நூடுல்ஸ், வேகவைத்த காய் எல்லாவற்றுக்கும் அடிப்படையான தாஷி என்னும் சாற்றைப் பெரும்பாலும் காய்ந்த சூரை மீன் சீவலிலோ சிறு கருவாட்டிலோதான் எடுக்கிறார்கள். நம் சமையலில் புளிக்கரைசல் போல அது எல்லாவற்றிலும் கலந்திருக்கிறது. ஆகவே புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே விடுதிக்கு ஜப்பானிய மொழியில் கடிதம் எழுதி, கொம்பு என்னும் கடற்பாசியிலும் காய்ந்த ஷீத்தாக்கே காளானிலும் எடுத்த சாறு மட்டுமே போதும் என்று கேட்டுக்கொண்டேன். இவ்வளவு ஆசாரம் தேவையா, ஊருக்கு ஏற்றபடி இருக்கக் கூடாதா என்று சிலர் கேட்பார்கள். அம்மாவின் ஆயுட்காலப் பழக்கத்தை மூன்று நாளுக்காக மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வீட்டாரும் அதைத் தொல்லையாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரவில் தரையடுப்பின் தணலைச் சுற்றிக் குச்சிகளை நட்டு வைத்தார்கள். ஒவ்வொரு குச்சியிலும் உருளைக்கிழங்கு, கயிற்றால் கட்டித் தூக்கலாம் என்று சொல்லும் அளவுக்குக் கெட்டியான அந்த ஊர் டோஃபு (சோயாப் பால் கட்டி), நம் சேனையின் இனத்தைச் சேர்ந்த கிழங்கில் செய்த கொன்யாக்கு. மேலே மிசோ என்னும் புளித்த சோயா விழுதின் பூச்சு. தணலில் குச்சியைத் திருப்பித் திருப்பிச் சுடுவது பொம்மலாட்டப் பொம்மையைச் சுழற்றுவது போலிருப்பதால் அதற்குத் தெகோமவாஷி, அதாவது பொம்மைச் சுழற்றல், என்று பெயர்.

மறுநாள் காலை, நாங்கள் தங்கியிருந்த பண்ணைவீட்டின் இறவாணத்தடியில் அம்மா திடீரென்று நின்றார். ஆணியில் ஒரு கற்றைக் கதிர் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்றைக் கையில் ஏந்தி, மடங்கிய விரல்கள் போலிருந்த கிளைகளைப் பிரித்து, உள்ளங்கையில் கசக்கி ஊதினார். செம்பழுப்பு மணிகள் தங்கின. "கேப்பைடா இது" என்றார். ஜப்பானில் கேப்பை ஏதம்மா, வேறு ஏதாவது புல்லாக இருக்கும் என்றேன். வீட்டு மூதாட்டியிடம் கேட்டால், அங்கே அதற்கு யட்சுமாத்தா, எட்டுக் கவை, என்று பெயராம். ஜப்பானியப் பொதுப்பெயர் ஷிகோக்குபியே. தேடிப் பார்த்தேன். தேனிப் பக்கம் அம்மா பிறந்த ஊரில் விதைத்த அதே கேழ்வரகுதான்.

மூதாட்டி உள்ளே போய் ஒரு கிண்ணம் மாவு கொண்டுவந்தார். அம்மா வெந்நீர் கேட்டு வாங்கி, அரிசிக் கரண்டியின் காம்பால் கட்டி தட்டாமல் களி கிண்டினார். சோபா (ஆங்கிலத்தில் பக்வீட்) என்னும் தானிய மாவில் தாங்கள் சோபாகாக்கி என்ற களி கிண்டுவதும் இப்படித்தான் என்று மூதாட்டி சொல்ல, நான் மொழிபெயர்க்கும் முன்பே அம்மா தலையாட்டினார்.

பிறகு மூதாட்டி தோட்டத்தைக் காட்டினார். 40 பாகை வரை சரிந்த மலைச்சரிவில், படிக்கட்டு வயலாக வெட்டாமல் அப்படியே பயிரிடுகிறார்கள். நெல்லுக்கு இடம் கொடுக்காத நிலம். சோபாவும் சிறுதானியமும்தான் நெடுங்காலம் வயிற்றை நிரப்பின. "மாடு பூட்ட முடியாதே, எப்படி உழுவாங்க?" என்றார் அம்மா. எல்லாம் கையால்தான். சரிந்து இறங்கும் மண்ணைச் சராயே என்னும் பல்மண்வெட்டியால் மறுபடி மேலே இழுத்துப் போடுகிறார்கள். கயா என்னும் உயர்ந்த புல்லை அறுத்துக் கூம்புகளாகக் குவித்துக் காயவைத்து, பிறகு நறுக்கி நிலத்தில் பரப்புகிறார்கள். அது மண்ணைப் பிடித்து நிறுத்தும், ஈரம் காக்கும், மக்கி உரமாகும். இந்த முறையைத்தான் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2018இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அங்கீகரித்தது. அரை நாள் போதும் என்ற முகவருக்கு இதுவும் "ஒன்றும் கிடையாது" என்பதில் அடக்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளத்தாக்கின் உள்ளே நாகோரோ என்ற சிற்றூரில், ஒசாக்காவிலிருந்து திரும்பி வந்த ஒரு பெண்மணி, ஊரைவிட்டுப் போனவர்கள், இறந்தவர்கள் நினைவாக ஆள் உயரப் பொம்மைகள் செய்து வைத்திருக்கிறார். முதல் பொம்மை, பறவை விரட்டுவதற்காகத் தம் தந்தையின் சாயலில் செய்தது. 2012இல் மூடப்பட்ட பள்ளியின் வகுப்பறையிலும் பொம்மைகள் உட்கார்ந்திருக்கின்றன. இதைப் "பேய்க் கிராமம்" என்று காணொளி போடுகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. அங்கே இன்றும் மனிதர்கள் வாழ்கிறார்கள். போனால் வணக்கம் சொல்லுங்கள்.

நாங்கள் போனது நவம்பர் முதல் வாரம். இலைகள் சிவக்கும் பருவம், இரவில் நன்றாகக் குளிரும், பெற்றோருக்குக் கம்பளி அவசியம். புறப்படும் அன்று மூதாட்டி அம்மாவிடம் ஒரு கதிரைக் கொடுத்தார். விமான நிலையத்தில் விதை கொண்டுபோக விடமாட்டார்கள் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அம்மா அதைச் சற்று நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு, எழுந்து போய் அதே ஆணியில் மாட்டினார்.